பூஜை வைத்த மறுநாள் வந்த கடிதம்

மக்களே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. ஒட்டினால் நீ தொடக்கூட மாட்டாய். ஒட்டாவிட்டால் மட்டும் என்ன, எடுத்துப் படித்துவிடவா போகிறாய்? இருந்தாலும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை இது. பலசரக்குச் சீட்டு எழுதியதோடு சரி. பக்கத்து அறையில் சாய்வு நாற்காலியில் கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகனுக்கு, பட்டப்பகலில், அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து தாய் கடுதாசி எழுதுகிறாள் என்று கேட்டால் கரமனையில் நம் தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை வாயால் சொல்லிப் பார்த்தேன், நீ நம்பவில்லை. எழுதி வைத்தால், நான் கண்ணை மூடிய பிறகாவது, பொய் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லாத காலத்திலாவது, ஒருவேளை நம்புவாய். அதிலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று உன் மச்சினன், சுமதியின் அண்ணன், பாறசாலையிலிருந்து வேன் பிடித்து வந்து அவளுடைய பெட்டி, பாத்திரங்கள், தையல் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். குளிக்கப் போன நீ, வேன் கிளம்பும்வரை குளிமுறியை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவன் கெட்டவன் இல்லை. போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். "அத்தே, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா ஏழு லெட்டர் அத்தே! ஏழையும் ஒருத்தன் பிரிக்காம வச்சிருக்கான்னா, என் தங்கச்சி அவனுக்கு யாரு?" என்று கேட்டான். முதல் பிரசவத்துக்குப் போன பெண்ணை மூன்றாம் மாதம் புருஷன் வீட்டார் போய்க் குழந்தையோடு கூட்டி வர வேண்டும். அந்தச் சமயம் நான் இடுப்புப் பிடித்துப் படுக்கையில் கிடந்தேன். "சுமதி எப்பம் வாறாளாம்?" என்று உன்னிடம் கேட்டபோதெல்லாம் "அவ ஒண்ணும் எழுதல்லியே" என்றாய். அவள் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். எப்போது வருகிறீர்கள் என்று ஒன்று, ஏன் பதில் இல்லை என்று ஒன்று, பிள்ளைக்கு உங்கள் சாயல் என்று ஒன்று, நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒன்று. கடைசிக் கடிதத்தில் நான்கே வரி. எல்லாம் பின்னால் நான் பிரித்துப் படித்துத்தான் தெரிந்தது. நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று அவள் இங்கே வந்த அன்றுதான் உன் ஆபீஸ் பியூன் உன் மேஜை இழுப்பறையில் கிடந்த உன் சொந்த சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பையைத் திறந்தவள் அவள்தான். தன் கையெழுத்தை ஏழு தடவை பார்த்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

உன் ஆபீஸில் உன்னை சஸ்பெண்ட் செய்ததும் இதே காரியத்துக்குத்தான். மேஜை இழுப்பறைக்குள் ஒரு கட்டு மனுக்கள், ஒன்றும் பிரிக்காமல். யார் யாரோ எழுதியவை. அதில் பென்ஷன் கேட்டு எழுதிவிட்டு நாள்தோறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு கிழவியும் இருந்திருப்பாள். உன்னை மடியன், சோம்பேறி என்கிறார்கள். தலைக்கனம் பிடித்தவன் என்று உன் சித்தப்பாவே சொன்னார். சுமதி வீட்டார், உனக்கு வேறு பெண் யாரும் இருப்பாளோ என்றுகூட விசாரித்திருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. கவரைக் கண்டால் உன் உள்ளங்கை வேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் போடுவாய், சாயங்காலம் பிரிக்கலாம் என்பாய், அப்புறம் நாளைக்கு என்பாய். உன்னால் முடியாது. ஏன் முடியாது என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உனக்கே தெரியாது. உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதுதான் கஷ்டம்.

உன் அக்கா பகவதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கும் உனக்கும் பதினோரு வயது வித்தியாசம். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நீ பிறந்ததும் அவள் உன்னைத் தன் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் பால் கொடுத்ததோடு சரி. உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பத்தொன்பது வயதில் அவளை நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொடுத்தோம். வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீடு. மாமியார் மட்டும் சரியில்லை. வாராவாரம் இன்லண்டு லெட்டர் வரும். அம்மா, என்னால் முடியவில்லை. அம்மா, இங்கே பேச ஆள் இல்லை. முதல் இரண்டு மாதம் நானும் படித்துப் படித்து அழுதேன். உன் அப்பாவை இரண்டு தரம் அனுப்பி வைத்தேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் செல்லமா வளந்துட்டா, அதாக்கும். சரியாயிரும்" என்று வந்து சொன்னார். அப்புறம் எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், அலுப்பு. பெற்ற மகள் அழுவது ஒரு தாய்க்கு அலுக்குமா என்று கேட்காதே, அலுக்கும். இந்த ஒரு வார்த்தையை ஒத்துக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த வருஷம் நவராத்திரியில் அஷ்டமி முந்தின நாள் சாயங்காலமே பிறந்துவிட்டது. அதனால் முந்தின நாளே பூஜை வைத்தாயிற்று. இந்த ஊரில் அதற்கு உள்ள கட்டுப்பாடு உனக்கே தெரியும். சரஸ்வதிக்கு முன்னால் புத்தகத்தை வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது, ஒரு எழுத்து எழுதக் கூடாது. காலண்டரைக்கூடத் திருப்பிப் போட்டு வைப்பேன் நான். உன் அப்பாவின் ஜவுளிக்கடை பில் புத்தகம், என் பாட்டுப் புத்தகம், உன் பாடப் புத்தகங்கள் எல்லாம் பட்டுத் துணிமேல் அடுக்கி, ஆக மேலே நீ உன் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாய். பழைய காலண்டர் தாள்களைத் தைத்து அக்கா உனக்குக் கட்டிக் கொடுத்த நோட்டு. அதற்குள் பதினான்கோ பதினைந்தோ கதைகள். கரமனை ஆற்று முதலை ஒன்று மியூசியத்தில் அடைபட்டிருக்கிற தன் அண்ணனைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்களாம். உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஒன்பது வயதுப் பையன் எழுதியது என்று கடையில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரிக்கிற மனுஷராகத்தான் அவர் அப்போது இருந்தார்.

அஷ்டமி அன்று காலையில் தபால்காரன் வந்தான். "சேச்சி, கத்துண்டு!" என்று அவன் மலையாளத்தில் கூப்பிட்டதும் நீ ஓடினாய். வாங்கிக்கொண்டு வந்து, முகமெல்லாம் பல்லாக, "அம்மா, அக்கா எழுத்து! படிக்கட்டா?" என்றாய். நான் முற்றத்தில் பாயை விரித்து நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "பூஜை வச்சிருக்கு, தெரியாதாலே? இன்னைக்கு எழுத்தைப் பாக்கப்பிடாது. சரஸ்வதி கோவிச்சுக்கிட்டா பரீட்சையில முட்டைதான் வாங்குவே" என்றேன். நீ விடவில்லை. "பாடந்தானம்மா படிக்கப்பிடாது? இது அக்கால்லா?" என்றாய். அந்தக் கேள்வி என்னை இன்றைக்கும் விட்ட பாடில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமலா போயிற்று? தெரியும். உன் கையிலிருந்து லெட்டரை வாங்கிப் பார்த்தேன். பகவதியின் கையெழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருந்தது. மறுபடியும் ஒரு அழுகைக் கடுதாசி, பண்டிகை நாளில் இதைப் படித்துவிட்டு இரண்டு நாளும் மனசு கெட்டுக் கிடக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கட்டுப்பாடு எனக்குக் கைகொடுத்தது, அவ்வளவுதான். சரஸ்வதி மேல் பழியைப் போட்டுவிட்டு, நானே உள்ளே போய், உன் நோட்டைத் தூக்கி, அதற்கடியில் அந்த லெட்டரை வைத்தேன். நான் வைத்தேன், மக்களே. நீ கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கும் மறுநாள் நவமிக்கும் நாம் பொரியும் அவலும் சுண்டலும் தின்றோம். நீ இரண்டு தரம் வந்து, "அம்மா, அக்கா என்ன எழுதியிருப்பா?" என்று கேட்டாய். இரண்டாம் தரம் உன் முதுகில் ஒன்று போட்டேன். உன் அப்பா கடையில் ஆயுதபூஜை வேலை என்று அலைந்துகொண்டிருந்தார். அவரிடம் லெட்டர் வந்ததைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசரம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து தீபாராதனை காட்டி அவர்தான் பூஜை எடுத்தார். உன் நோட்டை உன் கையில் கொடுத்தார். அடியிலிருந்த லெட்டரைப் பிரித்து, நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. கை கால் எல்லாம் நீர் வைத்து வீங்கியிருக்கிறது, மூன்று நாளாகத் தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது, இங்கே பேறுகாலம் என்றால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், இதைக் கண்டதும் அப்பா வந்து என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு அது ஏழாம் மாதம். உன் அப்பா தலையைத் தூக்கி, "இது எப்பம் வந்துது?" என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். எனக்கே தெரியாமல் அது வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதே! பய வாங்கி வச்சிருப்பான். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். எத்தனையோ ஓர்மைகள் மங்கிப் போய்விட்டன, அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. நீ கோபமாகப் பார்க்கவில்லை. அம்மா சொன்னால் அப்படித்தான் இருக்கும், நமக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று குழந்தைகள் பார்க்குமே, அப்படிப் பார்த்தாய்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தம்பானூருக்குப் போய் நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி உச்சிக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலமே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, வயிற்றுப் பிள்ளையோடு. லெட்டர் வந்த அன்றே போயிருந்தால் முழுசாக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கையில் இருந்திருக்கும். இங்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். பிழைத்திருப்பாளா என்று பின்னால் ஒரு டாக்டரிடம் கேட்டேன். "சான்ஸ் இருந்திருக்கும்" என்றார். நான் அவரிடம் கேட்டிருக்கவே கூடாது.

பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு நீ என்னிடம் வந்தாய். நான் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, அந்த லெட்டரை நீதானே வச்சே?" என்று மெல்லக் கேட்டாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நாம் இரண்டு பேர்தான், வேறு யாரும் இல்லை. "இல்ல மக்களே, நீதான் வச்சே. மறந்துபோச்சா? நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்? உன்மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லி உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். நீயும் அழுதாய். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று பிறகு தெருவே மெச்சியது. வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். பாவம், அறியாப் பிள்ளை, விளையாட்டுக் குணத்தில் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட்டது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன், நீ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். ஐந்தாறு தடவைக்கு மேல் நீ என்னைத் திருத்தப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாய். ஒரு வருஷம் கழித்து உன் அத்தை ஒருத்தி கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் நீயே சொன்னாய்: "நான்தான் வாங்கி வச்சேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய், சரியாகச் சொன்னேனா என்பதுபோல.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் உனக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, அவளைப் பார்க்க உன்னை விடுவார்களோ என்னவோ, விட்டால் இது ஒன்றை நினைவில் வை. பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டால் அன்றைக்கே, அந்த நிமிஷமே திருத்திவிடு. நாலு நாள் போனால் அந்தப் பொய் உன் கையில் இருக்காது. அது பிள்ளைக்குள் போய், அங்கேயே சோறு தின்று வளர்ந்து, அதன் கையாகவும் காலாகவும் ஆகிவிடும். அப்புறம் நீ வெட்டினால் பிள்ளையைத்தான் வெட்ட வேண்டும். உன் அப்பா உன்னை ஒரு அடி அடித்ததில்லை, ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் அன்றையிலிருந்து சாகிறவரைக்கும் உன் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை. சாப்பிட்டானா என்று என்னிடம் கேட்பார், பீஸ் கட்டியாச்சா என்று என்னிடம் கேட்பார். நவராத்திரி வந்தால் துண்டைப் போட்டுக்கொண்டு சங்குமுகத்துக்குப் போய் இருட்டும்வரை கடற்கரையில் உட்கார்ந்திருப்பார். நீ அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அவருக்கு நான் தோசை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவர் எழுந்து போன பிறகு வந்து உட்காருவாய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். என்ன பிறவி நான்!

அந்த நோட்டில் நீ அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அதை எங்கே போட்டாய் என்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ரிசல்ட் கார்டு வந்தால் அடுக்களையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாய். வேலை உத்தரவு வந்தபோது உன் அப்பாதான் பிரித்துப் படித்து, உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காலேஜில் படிக்கும்போது மறுபடியும் எழுத ஆரம்பித்தாய், எனக்குத் தெரியும். தலையணைக்கடியில் தாள்கள் கிடக்கும். எடுத்துப் படிப்பேன். எல்லாம் நன்றாகத் தொடங்கும். ஒருவன் வெளியூரிலிருந்து வருவான், ஒரு வீட்டு வாசலில் நிற்பான், கதவைத் தட்டுவான், அதோடு நின்றுவிடும். கதவை யார் திறந்தார்கள், உள்ளே என்ன இருந்தது, ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு கதையும் அப்படித்தான், வாசலிலேயே நின்றுவிடும். ஒரே ஒரு கதையைக் கடைசிப் பக்கம் இல்லாமலேயே மதராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறாய். அவர்கள் உனக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். பியூன் கொண்டுவந்த அந்தப் பையில், சுமதியின் ஏழுக்கும் அடியில் அது கிடந்தது. வேலைக்குப் போன புதிதில் அதையும் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருக்கிறாய், பிரிக்காமல். நான் பிரித்தேன். கதை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, முடிவை மட்டும் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம், வேறு கதைகளும் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்திரிகை நின்றே பல வருஷம் ஆகிறது. கையில் வைத்துக்கொண்டு அழக்கூட எனக்கு வரவில்லை.

இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அப்பா இருந்தவரைக்கும் அவருக்குப் பயந்தேன். அவர் என்னை வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, உன்னைப் பார்த்ததுபோல என்னையும் பார்க்காமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் போய் எட்டு வருஷம் ஆயிற்றே, அப்புறம் யாருக்குப் பயந்தேன்? உனக்கு. நீ ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். நன்றாகத்தானே இருக்கிறான், வேலைக்குப் போகிறான், கல்யாணம் ஆகப்போகிறது, கிளறுவானேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவனவன் குணம், லெட்டர் படிக்கப் பிடிக்காது, அதற்கென்ன என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதே சரி. உன் வேலையும் போய், உன் பெண்டாட்டி பிள்ளையும் போய், நீ அந்த நாற்காலியில் பிணம்போலக் கிடக்கிற பிறகுதான் எனக்கு வாய் வந்தது. இனி உடைய ஒன்றும் பாக்கி இல்லை என்றான பிறகுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தேன். "மக்களே, ஒரு காரியம் சொல்லணும். அந்த லெட்டரை நீ வைக்கல்ல. நான் வச்சேன். உங்கப்பாகிட்ட நான் பொய் சொன்னேன்" என்றேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன், நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று. நீ கத்துவாய் என்று நினைத்தேன். என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். நீ சிரித்தாய். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சுமதி போயிட்டாண்ணு எனக்காக நீ இப்படியெல்லாம் சொல்லப்பிடாது" என்றாய். "சத்தியமாலே" என்றேன். "வேண்டாம்மா. எனக்கு நல்ல ஓர்மை உண்டு" என்றாய்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாய், நீ சொன்னபடியே எழுதுகிறேன். அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது. தபால்காரன் குடையை மடக்காமலேயே லெட்டரை நீட்டினான். அதில் ஒரு ஓரம் நனைந்து, அம்மாவின் பெயரில் மை பரவியிருந்தது. நிக்கரில் துடைத்தபோது பெருவிரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. அம்மா ஆட்டுக்கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அக்காவின் லெட்டரும் பூஜையில் இருக்கட்டும், சரஸ்வதி முதலில் படிக்கட்டும், அப்புறம் நாம் படிக்கலாம் என்று தோன்றியது. நோட்டைத் தூக்கி அடியில் வைத்தேன். கர்ப்பூர வாசனை இருந்தது. குழாயடியில் போய் விரலைத் தேய்த்துக் கழுவினேன், மை போகவில்லை. அக்காவை எரித்துவிட்டு அப்பா வந்து நிற்கும்போதும் அது விரலில் இருந்தது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை உனக்கு. இதில் எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மழை இல்லை, ஆட்டுக்கல் இல்லை, மை இல்லை. வெயில் சுட்டெரித்தது, நான் நெல் காயப் போட்டேன். ஆனால் நீ சொல்லிக்கொண்டு போகப் போக எனக்கும் மழை வாசனை அடித்தது. அந்த நோட்டுக்குப் பிறகு நீ எழுதிய எத்தனையோ கதைகளில் இது ஒன்றுதான் முடிவுவரைக்கும் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்பது வயதிலிருந்து வேறு எதையுமே எழுத விடாமல் உன்னை உட்கார வைத்து இதை ஒன்றையே எழுத வைத்திருக்கிறேன்.

"அன்னைக்கு வெயிலாக்கும் மக்களே" என்றேன். "இல்லம்மா, மழை" என்றாய். "பகவதி மேல ஆணை. நான்தான் வச்சேன்" என்று உன் காலைப் பிடித்தேன். அப்போதுதான் உன் சிரிப்பு போயிற்று. காலை இழுத்துக்கொண்டாய். எவ்வளவு மெல்லக் கேட்டாய் என்றால், ஃபேன் சத்தத்தில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"நான் வைக்கல்லேண்ணா, பின்ன நான் எதுக்கும்மா இப்படி ஆனேன்?"

சோறு எடுத்து வைக்கட்டா என்று கேட்டேன். வை என்றாய்.

உன்னைப் பெற்றவள்